கட்டை விளையாட்டில் கணக்கு: பினாங்குப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பட்டர்வொர்த் பக்கம் வார இறுதிகளில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். நாலு வயதிலிருந்து ஒன்பது வயது வரை வருகிறார்கள். பென்சிலை எடுப்பதற்கு முன்னால் டோமினோ, மாஜோங் கட்டைகளைத்தான் பாயில் கொட்டுவோம். பிள்ளையைக் கூட்டிப் போக வரும் அம்மா அப்பாக்கள் வாசலில் கேட்பதையும் வாட்ஸ்அப்பில் கேட்பதையும் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கட்டை விளையாட்டு என்று எதைச் சொல்கிறீர்கள்?

பிள்ளை கையில் எடுத்து, புரட்டி, அடுக்கி வைக்கக்கூடிய, புள்ளியோ எண்ணோ போட்ட சின்னக் கட்டைகள் எல்லாமே இதில் வரும். நான் அதிகம் பயன்படுத்துவது மூன்று. முதலாவது டோமினோ. சாதாரண டோமினோப் பெட்டியில் 28 கட்டைகள். ஒவ்வொரு கட்டையிலும் இரண்டு பாதி, ஒவ்வொரு பாதியிலும் வெறுமையிலிருந்து ஆறு புள்ளி வரை இருக்கும். இரண்டாவது சீனர்கள் ஆடும் மாஜோங். முழுப் பெட்டியில் 144 இருந்தாலும் எனக்கு வேண்டியது வட்டப் புள்ளி போட்ட 36 மட்டும்தான். மூன்றாவது ரம்மிகுப், 106 கட்டைகள் கொண்டது. அதை எட்டு வயதுக்கு மேல் எடுத்தால் போதும். இவை எதுவும் இல்லாவிட்டால் மைலோ பெட்டி அட்டையை வெட்டிப் புள்ளி வைத்துக்கொள்ளலாம். அதுவும் இதே வேலையைச் செய்யும்.

பயிற்சிப் புத்தகம் வாங்கி எழுத வைத்தால் போதாதா?

பயிற்சிப் புத்தகம் வேண்டும், ஆனால் கொஞ்சம் பிறகு. ஐந்து வயதுப் பிள்ளைக்கு 7 என்பது வளைந்த ஒரு கோடு. ‘ஏழு’ என்று சொல்லத் தெரியும், அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. அந்த நிலையில் 7 + 5 என்று எழுதிக் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும். பக்கம் பக்கமாக எழுதினாலும் எண்ணுகிற பழக்கம்தான் வேகமாகுமே தவிர, கணக்கு வராது.

மனிதக் கண்ணுக்கு மூன்று, நான்கு பொருள் வரை எண்ணாமலே தெரிந்துவிடும். மேசையில் மூன்று காசு கிடந்தால் யாரும் ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில்லை. அதற்கு மேல் போனால் கண் தடுமாறும். அப்போது எண்ணைத் துண்டு துண்டாகப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. மாஜோங்கில் ஏழு வட்டக் கட்டையை எடுத்துப் பாருங்கள். மேலே சாய்வாக மூன்று, கீழே சதுரமாக நான்கு. நாலைந்து தடவை கையில் எடுத்த பிள்ளைக்கு ஏழு என்றால் ‘மூணும் நாலும்’ என்று மனத்தில் பதிந்துவிடும். கூட்டலுக்கு அஸ்திவாரம் இதுதான். பிள்ளை ஒவ்வொன்றாக எண்ணுவதை விட்டு, எண்ணைப் பிரித்துப் பார்க்க ஆரம்பிக்க வேண்டும். இங்கே நான் சொல்லும் விளையாட்டுகள் அத்தனையும் அதற்காகத்தான்.

மகன் முதலாம் ஆண்டு வந்தும் விரல் விட்டே எண்ணுகிறான். நிறுத்தச் சொல்லலாமா?

கையைத் தட்டாதீர்கள், முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்லாதீர்கள். விரல் அவனுக்கு ஒரு படி. அடுத்த படி கிடைத்தால் அவனே விட்டுவிடுவான். விரலைப் பிடுங்கினால் மேசைக்கு அடியில் வைத்து எண்ணுவான், கூடவே பயமும் சேர்ந்துவிடும்.

படிகள் இப்படித்தான் வரும். 5 + 3 என்றால் முதலில் ஒன்றிலிருந்து எட்டு வரை எல்லாவற்றையும் எண்ணுவான். அப்புறம் ஐந்தை மனத்தில் வைத்துக்கொண்டு ஆறு, ஏழு, எட்டு என்று தொடர்வான். கடைசியில் ‘நாலும் நாலும் எட்டு, அதனால் அஞ்சும் மூணும் எட்டு’ என்று தெரிந்ததிலிருந்து தெரியாததைப் பிடிப்பான். முதல் படியிலிருந்து இரண்டாவதுக்கு ஏற்ற ஒரு டோமினோக் கட்டை போதும். ஐந்தும் மூன்றும் உள்ள கட்டையைக் கொடுங்கள். அவன் ஐந்தின் புள்ளிகளை விரலால் தொட்டு ‘ஒண்ணு, ரெண்டு’ என்று தொடங்குவான். அந்தப் பாதியின் மேல் மெதுவாக உங்கள் கட்டைவிரலை வையுங்கள். ‘இங்க எத்தனை இருந்துச்சு?’ ‘அஞ்சு.’ ‘சரி, இப்ப மேல எண்ணு.’ சில பிள்ளைகள் ஒரு நொடி விழிப்பார்கள். மூடிய இடத்தை உற்றுப் பார்ப்பார்கள், பிறகு ‘ஆறு, ஏழு, எட்டு’ என்று மறுபாதிக்குத் தாவுவார்கள். மறுநாள் திரும்பவும் ஒன்றிலிருந்து தொடங்கினாலும் பரவாயில்லை. கட்டைவிரலைத் திரும்ப வையுங்கள்.

எந்த வயதில் ஆரம்பிக்கலாம்?

மூன்று வயதுக்குள் வேண்டாம். சின்னக் கட்டைகள் வாய்க்குள் போய்விடும், மூச்சடைக்கும் ஆபத்து உண்டு. வீட்டில் தவழும் தம்பி தங்கை இருந்தாலும் எண்ணிப் பெட்டிக்குள் வைத்த பிறகே எழுந்திருங்கள்.

நாலு வயதில் ஒன்றுபோல் இருப்பதைப் பொருத்துவதே போதும். ஐந்து, ஆறு வயதில் எது பெரியது, எது சிறியது, பத்துக்குள் கூட்டல். ஏழு வயதுக்கு மேல் கழித்தலும் பெருக்கலும். வயதை விடப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்பதுதான் முக்கியம். எட்டு வயதிலும் புள்ளியைத் தொட்டுத் தொட்டு எண்ணினால் பொருத்தும் விளையாட்டிலிருந்தே தொடங்குங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

டோமினோவில் எப்படித் தொடங்குவது?

முதல் வாரம் கணக்கே கேட்காதீர்கள். வழக்கமான ஆட்டத்தை ஆடுங்கள். ஆளுக்கு ஐந்து கட்டை, மீதி கவிழ்த்துக் கிடக்கட்டும். ஒரு முனையில் நாலு இருந்தால் நாலு உள்ள கட்டையை அதோடு ஒட்டி வைக்க வேண்டும். கையில் இல்லாவிட்டால் கவிழ்த்ததிலிருந்து ஒன்று எடுக்க வேண்டும். இதிலேயே ஒன்று முதல் ஆறு வரை புள்ளி அமைப்பு கண்ணுக்குப் பழகிவிடும்.

அடுத்தது ‘யாருக்குப் பெரிசு’. எல்லாக் கட்டையையும் கவிழ்த்து, ஆளுக்கு ஒன்று ஒரே நேரத்தில் திருப்புங்கள். இரண்டு பாதியையும் கூட்டி யாருக்கு அதிகமோ அவருக்கு இரண்டு கட்டையும். இதில் பெரியவர் வாயை மூடிக்கொண்டிருப்பது அவசியம். விடையை நீங்கள் முந்திச் சொல்லிவிட்டால் பிள்ளை யோசிக்காது. உங்கள் கட்டையின் கூட்டுத்தொகையையும் அதுவே சொல்லட்டும்.

பிறகு வருவது எனக்கு மிகவும் பிடித்தது. 28 கட்டையையும் கூட்டுத்தொகைப்படி வரிசையாக அடுக்கச் சொல்வேன். பூச்சியம் வருவது ஓர் ஓரம், பன்னிரண்டு வருவது மறு ஓரம். ஒரே கூட்டுத்தொகை உள்ளவை ஒன்றின் மேல் ஒன்றாகப் பாயில் நீளும். அடுக்கி முடித்தால் ஒரு மலை தெரியும். பூச்சியத்துக்கு ஒரு கட்டை, ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு இரண்டு, நான்குக்கும் ஐந்துக்கும் மும்மூன்று, ஆறுக்கு நான்கு, அதன் பிறகு அதே மாதிரி இறங்கிப் பன்னிரண்டில் ஒன்றோடு முடியும். ஆறு ஏன் உச்சியில் நிற்கிறது என்று கேளுங்கள். பூச்சியமும் ஆறும், ஒன்றும் ஐந்தும், இரண்டும் நான்கும், மூன்றும் மூன்றும் என்று பிள்ளையே எடுத்துக் காட்டும். ஏழில் ஏன் குறைகிறது? ஒரு தடவை எட்டு வயதுப் பிள்ளை ஒருத்தி கொஞ்ச நேரம் மலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ‘ஏழு புள்ளி கட்டையிலயே இல்ல டீச்சர், அப்புறம் பூச்சியம் யாரோட சேரும்?’ என்றாள். அப்படி ஒரு காரணத்தைத் தானே கண்டுபிடித்த பிள்ளை கணக்கைப் பார்த்துப் பயப்படாது.

கட்டை ஒன்று தொலைந்தாலும் இதே மலையில் பள்ளம் விழுந்து எது இல்லை என்று காட்டிக் கொடுத்துவிடும்.

மாஜோங் சூதாட்டம் இல்லையா? பிள்ளைக்கு அதைக் கொடுக்கலாமா?

தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். தயக்கம் நியாயமானது. சூதில் பணம் போய், குடும்பம் கஷ்டப்பட்டதைப் பார்த்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தக் கட்டைச் சத்தமே பிடிக்காது. வீட்டில் தாத்தாவோ பாட்டியோ வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். அதே புள்ளிகளை அட்டையில் வரைந்து விளையாடுங்கள், பலனில் ஒரு குறையும் வராது.

என் மனத்துக்குப் பட்டதைச் சொல்கிறேன். சூது என்பது பந்தயப் பணத்தில் இருக்கிறது. நாம் மாஜோங் ஆட்டத்தையே ஆடுவதில்லை. 36 வட்டக் கட்டைகளை எடுத்துக்கொண்டு மற்றதைப் பெட்டியில் மூடி வைத்துவிடுகிறோம். காசோ மிட்டாயோ எதையும் பந்தயமாக வைக்காதீர்கள், விளையாட்டுக்காகக்கூட வேண்டாம்.

அந்த 36 கட்டைகளைப் போலக் கணக்குக்குப் பொருத்தமானது வேறொன்று எனக்குக் கிடைக்கவில்லை. ஒன்று முதல் ஒன்பது வரை, ஒவ்வொன்றிலும் நான்கு. புள்ளிகள் கண்டபடி சிதறிக் கிடக்காமல் துண்டாகப் பிரியும்படி வைத்திருக்கிறார்கள். ஐந்து என்றால் நாலு மூலையும் நடுவில் ஒன்றும். ஆறில் மேலே இரண்டு, கீழே நான்கு; பெரும்பாலான பெட்டிகளில் நிறமும் வேறு வேறாக இருக்கும். எட்டு இரண்டிரண்டாக நான்கு வரிசை. ஒன்பது மும்மூன்றாக மூன்று வரிசை, அதில் பெருக்கலே ஒளிந்திருக்கிறது. மூங்கில் படம் போட்ட கட்டைகள் வேண்டாம். அதில் ஒன்றுக்குப் பறவைப் படம் இருக்கும், பிள்ளை குழம்பும். சீன எழுத்தில் எண் போட்ட கட்டைகளைச் சீனப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகள் வட்டக் கட்டையோடு பொருத்தி விளையாடலாம். அவர்களுக்கு அதில் தனிப் பெருமை.

அந்த 36 கட்டையில் என்ன விளையாடுவது?

‘பத்துப் பிடி’. 36 கட்டையையும் கவிழ்த்து ஆறுக்கு ஆறாக அடுக்குங்கள். ஒருவர் இரண்டு கட்டையைத் திருப்ப வேண்டும். இரண்டும் சேர்ந்து பத்து வந்தால் அவருக்கு. வராவிட்டால் அதே இடத்தில் கவிழ்த்துவிட வேண்டும். எங்கே எது இருந்தது என்று ஞாபகம் வைத்துக்கொள்வதிலேயே பாதி சுவாரசியம். மூன்றைத் திருப்பிய பிள்ளை, அடுத்த கட்டையைத் தொடும் முன்பே ‘ஏழு வேணும், ஏழு எங்க?’ என்று முணுமுணுக்கும். அந்த முணுமுணுப்புக்காகத்தான் இந்த விளையாட்டு. பத்துக்கு இன்னும் எத்தனை என்று தெரிந்த பிள்ளைக்கு 8 + 5 கஷ்டமே இல்லை. எட்டுக்கு இரண்டைக் கொடுத்துப் பத்தாக்கும், மீதி மூன்று, பதின்மூன்று.

இந்த ஆட்டம் தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ளும். ஒன்றும் ஒன்பதும் நான்கு ஜோடி, இரண்டும் எட்டும் நான்கு, மூன்றும் ஏழும் நான்கு, நான்கும் ஆறும் நான்கு, ஐந்து தனக்குள்ளேயே இரண்டு ஜோடி. மொத்தம் 18 ஜோடி, ஒரு கட்டையும் மிஞ்சாது. மிஞ்சினால் யாரோ எங்கோ தப்பாகச் சேர்த்திருக்கிறார்கள். யார் என்று குற்றம் தேடாமல், எடுத்த ஜோடிகளைப் பிள்ளைகளே பரப்பித் தேடட்டும்.

சின்னப் பிள்ளைக்கு 36 அதிகம். ஒவ்வொரு எண்ணிலும் இரண்டு எடுத்தால் 18 கட்டை, ஒன்பது ஜோடி. முதல் சில நாள் கவிழ்க்காமல் திறந்தே வைத்து ஜோடி சேர்க்கட்டும்.

கழித்தல் எப்படி வரும்?

மூடி மறைத்தால் வரும். டோமினோக் கட்டையின் ஒரு பாதியைக் காகிதத்தால் மூடி, ‘மொத்தம் ஒன்பது, இங்க நாலு தெரியுது, மூடினதுல எத்தனை?’ என்று கேளுங்கள். பிள்ளை சொன்னதும் காகிதத்தை அது எடுத்துப் பார்க்கட்டும். சரியா தப்பா என்று கட்டையே சொல்லிவிடும்.

இன்னொன்று, 28 கட்டையையும் இந்த முறை வித்தியாசப்படி அடுக்குவது. ஆறும் இரண்டும் என்றால் வித்தியாசம் நான்கு. ஒன்றுமே வித்தியாசம் இல்லாதவை ஏழு, வித்தியாசம் ஒன்று உள்ளவை ஆறு, அப்புறம் ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, கடைசியில் ஆறும் வெறுமையும் உள்ள ஒரே ஒரு கட்டை. அச்சு அசல் படிக்கட்டு. பக்கத்து வரிசைக்கு எந்தக் கட்டை போகும் என்று பாதியிலேயே பிள்ளைகள் ஊகித்துவிடுவார்கள்.

வாய்ப்பாடு? அதற்கும் கட்டையா?

வாய்ப்பாடு மனப்பாடமாக இருக்க வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எதை மனப்பாடம் செய்கிறோம் என்று ஒரு தடவையாவது கண்ணால் பார்த்திருக்க வேண்டும். 12 மாஜோங் கட்டைகளைக் கொடுத்து, ஓட்டையில்லாமல் செவ்வகமாக அடுக்கச் சொல்லுங்கள். இரண்டு வரிசையில் ஆறாறு, மூன்று வரிசையில் நாலு நாலு, ஒரே வரிசையில் பன்னிரண்டு. எழுந்து பாயின் அடுத்த பக்கம் போய் உட்காரச் சொல்லுங்கள். மூன்று நான்காகத் தெரிந்தது அங்கிருந்து நான்கு மூன்றாகத் தெரியும். 3 × 4, 4 × 3 இரண்டும் ஒன்று என்று எழுதிப் போட்டு விளக்க வேண்டாம். ஏழு கட்டையைக் கொடுத்தால் ஒரே வரிசைதான் வரும், எப்படிப் புரட்டினாலும் வேறு செவ்வகம் வராது. பகா எண் என்ற பெயரைப் பள்ளியில் பிறகு கேட்கும்போது, அது என்ன என்று பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். 36 கட்டையும் கொடுத்து எத்தனை விதமாக அடுக்கலாம் என்று கேட்டால் ஒரு மழை நேரச் சாயங்காலம் ஓடிவிடும்.

ஐந்தாம் வாய்ப்பாட்டுக்கு டோமினோவில் ஒரு வழக்கமான ஆட்டமே உண்டு. கட்டை வைத்த பிறகு திறந்திருக்கும் முனைகளின் கூட்டுத்தொகை 5, 10, 15 என்று ஐந்தின் மடங்காக வந்தால் வைத்தவருக்கு அத்தனை மதிப்பெண்.

ரம்மிகுப் எப்போது?

எட்டு வயதுக்கு மேல், கூட்டல் கைவந்த பிறகு. ருமேனியாவில் பிறந்து இஸ்ரேலில் குடியேறிய எஃப்ராயிம் ஹெர்ட்சானோ உருவாக்கிய ஆட்டம் இது. 1980இல் ஜெர்மனியின் ஆண்டுச் சிறந்த விளையாட்டு விருதைப் பெற்றது. நாலு நிறத்தில் ஒன்று முதல் 13 வரை, இரண்டிரண்டு, கூட இரண்டு ஜோக்கர். முதல் தடவை கட்டைகளை மேசையில் இறக்க, கையிலுள்ள கட்டைகளில் குறைந்தது 30 சேர்க்க வேண்டும் என்பதால் இரட்டை இலக்கக் கூட்டல் ஒவ்வோர் ஆட்டத்திலும் வந்தே தீரும். ஒரே நிறத்தில் 9, 10, 11 கையிலிருக்கும் பிள்ளை 30 என்று கண்டுபிடித்தவுடன் போடுகிற சத்தம் பக்கத்து வீடு வரை கேட்கும்.

எந்த மொழியில் எண்ண வேண்டும்?

வீட்டில் நீங்கள் சிரிப்பதும் சண்டை போடுவதும் எந்த மொழியோ அதில். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்குக் கணக்குப் பாடம் தமிழில், இருமொழிப் பாடத்திட்ட வகுப்பாக இருந்தால் ஆங்கிலத்தில். பாசாரில் மலாயில் காசு எண்ணிக் கொடுக்கிறோம். இப்படி மூன்று மொழியில் எண் கேட்டு வளரும் பிள்ளை குழம்பாதா என்று பயப்படுகிறார்கள். மேலே மூன்று, கீழே நான்கு என்று ஏழைப் பார்த்துவிட்ட பிள்ளைக்கு அதன் பெயரை இன்னொரு மொழியில் சொல்லித் தருவது சிறிய வேலை. பார்க்காத பிள்ளைக்கு எந்த மொழியில் சொன்னாலும் கஷ்டம்தான். ஆகவே விளையாட்டைத் தமிழில் நடத்துங்கள். பாட்டியும் உட்கார முடியும், ‘எப்படித் தெரிஞ்சுது?’ என்று கேட்டால் பிள்ளைக்கு விளக்கவும் வாய் வரும். பழகிய பிறகு ஒரு சுற்று மலாய், ஒரு சுற்று ஆங்கிலம் என்று மாற்றிக்கொள்ளலாம்.

பள்ளிப் பாடத்தோடு இது பொருந்துமா?

பொருந்தும். முதலாம் ஆண்டில் 100 வரை, இரண்டாம் ஆண்டில் 1000 வரை, மூன்றாம் ஆண்டில் 10,000 வரை எண்கள் வருகின்றன. எண் எவ்வளவு பெரிதானாலும் உள்ளே நடப்பது சின்ன எண்களின் கூட்டல் கழித்தல்தான். 347 + 285 போடும் பிள்ளை உண்மையில் 7 + 5, 4 + 8, 3 + 2 போட்டு, சேரும் பத்தை அடுத்த இடத்துக்குக் கொண்டு போகிறது. அங்கே தடுமாறும் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளைக் கவனித்தால், பலருக்கு இடமதிப்பு புரிந்திருக்கும், 7 + 5தான் உடனே வராது.

விளையாட்டால் கணக்கு வரும் என்று ஆராய்ச்சி இருக்கிறதா?

இருக்கிறது. அமெரிக்காவில் ராபர்ட் சீக்லர், கீதா ரமணி இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்லலாம். வசதி குறைந்த குடும்பத்துப் பாலர் பள்ளிப் பிள்ளைகள் ஒன்று முதல் பத்து வரை வரிசையாக எண் போட்ட ஒரு பலகை விளையாட்டை ஆடினார்கள். இரண்டு வாரத்துக்குள் நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் சுமார் கால் மணி நேரம். எண்களுக்குப் பதிலாக நிறங்கள் போட்ட பலகையில் ஆடியவர்களை விட இவர்களுக்கு எண்களை ஒப்பிடுவதும் அடையாளம் காண்பதும் நன்றாக வந்தது. அது பலகை விளையாட்டு, நம்முடையது கட்டை. என்றாலும் நேர அளவைக் கவனியுங்கள். கால் மணி நேரம்தான்!

அப்படியென்றால் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?

பத்து, பதினைந்து நிமிடம். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சுற்று. ‘இன்னும் ஒரு ஆட்டம்’ என்று பிள்ளை கேட்கும்போதே பெட்டியை மூடிவிடுங்கள், அப்போதுதான் நாளைக்கு அதுவே எடுத்து வரும்.

தோற்றால் அழுகிறாள். வேண்டுமென்றே தோற்கலாமா?

ஒவ்வொரு தடவையும் தோற்றுக் காட்டினால் பிள்ளைக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பதிலாக அதிர்ஷ்டம் அதிகம் உள்ள ஆட்டத்தை எடுங்கள். ‘யாருக்குப் பெரிசு’ ஆட்டத்தில் ஐந்து வயதுப் பிள்ளை அப்பாவை நியாயமாகவே ஜெயிக்கும். ‘பத்துப் பிடி’யை எல்லோரும் ஒரே அணியாக ஆடலாம். எத்தனை திருப்பலில் பாய் காலியாகிறது என்று எண்ணி, நேற்றைவிடக் குறைக்கப் பாருங்கள். அழுகிற பிள்ளையிடம் ‘இதுக்கெல்லாமா அழுவ?’ என்று சொல்லாதீர்கள். தப்பு விட்டதற்காக அழுகிறதா, தோற்றதற்காக அழுகிறதா என்று பாருங்கள். தப்புக்குப் பயந்து அழுகிறது என்றால் யாரோ அதை அவசரப்படுத்தியிருக்கிறார்கள்.

தப்பாகச் சொன்னால் திருத்தக் கூடாதா?

உடனே வேண்டாம். ‘எப்படித் தெரிஞ்சுது?’ என்று கேளுங்கள். சரியாகச் சொன்னாலும் அதையே கேளுங்கள். தப்புக்கு மட்டும் கேட்டால், அந்தக் கேள்வி வந்தாலே தப்பு என்று பிள்ளை விடையை மாற்றிவிடும். விளக்கும்போது பாதியில் தானே திருத்திக்கொள்வதை அடிக்கடி பார்ப்பீர்கள். கட்டை எதிரிலேயே கிடக்கிறது, சரிபார்க்க ஆசிரியர் தேவையில்லை. நான் சொல்லித் தருவதில் இந்த ஒரு கேள்வியை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போனாலும் எனக்குத் திருப்திதான்.

கைப்பேசியில் இதே மாதிரி ஆப் இருக்கிறதே?

கையில் இருக்கட்டும், பயணத்துக்கு ஆகும். ஆனால் ஆப்பில் தப்பு என்று சிவப்பு வந்தவுடன் பிள்ளை யோசிக்காமல் அடுத்த விடையைத் தட்டிப் பார்க்கும், நாலில் ஒன்று சரியாகத்தானே வரும். புரட்டுவது, மூடுவது, மறுபக்கம் போய்ப் பார்ப்பது எல்லாம் திரையில் அவ்வளவாக நடக்காது. எதிரில் உட்கார்ந்து கேட்க ஓர் ஆளும் அங்கே இல்லை.

ஐந்து வயதுத் தங்கையும் ஒன்பது வயது அண்ணனும் சேர்ந்து ஆட முடியுமா?

முடியும். டோமினோக் கட்டையைத் திருப்பினால் தங்கை கூட்டட்டும், அண்ணன் பெருக்கட்டும். சரியாகச் சொன்னால் கட்டை அவரவருக்கு. அண்ணன் தங்கைக்கு விடை சொல்லிக் கொடுத்தால் மட்டும் அந்தக் கட்டை பெட்டிக்குப் போய்விடும் என்று ஒரு விதி வையுங்கள். இந்த விதி இல்லாவிட்டால் தங்கைக்கு யோசிக்க இடமே கிடைக்காது.

பாட்டி பல்லாங்குழி போதும் என்கிறார். சரியா?

பாட்டி சொல்வது நல்ல யோசனை, அதையும் ஆடுங்கள். அதே மாதிரியான மலாய்க்காரர்களின் சொங்காக் இங்கே எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. பக்கத்துக்கு ஏழு குழி, குழிக்கு ஏழு என்று தொடங்கினால் 98. ஒவ்வொரு குழியிலும் ஒன்று போட்டுப் போவதால் எண்ணுவதற்கும், எங்கே முடியும் என்று முன்கூட்டிக் கணிப்பதற்கும் நல்ல பழக்கம். ஆனால் முத்துகள் குழியில் குவிந்து கிடப்பதால் எண்ணைத் துண்டாகப் பார்க்க முடியாது. அதற்குக் கட்டைதான் வேண்டும்.

எங்கே வாங்கலாம்?

டோமினோ எந்தப் பொம்மைக் கடையிலும், மலிவுச் சாமான் கடைகளிலும் கிடைக்கும். கட்டையைத் தடவினால் புள்ளி விரலில் தட்டுப்படும்படி குழித்திருப்பதைப் பார்த்து வாங்குங்கள். மாஜோங் புதுப் பெட்டி விலை அதிகம். ஜார்ஜ்டவுன் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் ஞாயிறு காலை தேடினால் சில சமயம் முழுமையில்லாத பெட்டிகள் வரும். நமக்கு 36 வட்டக் கட்டைகள் இருந்தால் போதும் என்பதால் அதுவே ஆகும். அங்கேயே உட்கார்ந்து ஒன்று முதல் ஒன்பது வரை நான்கு நான்காக இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிடுங்கள். அடுக்குமாடியில் சீனக் குடும்பத்து ஆண்ட்டியைக் கேட்டாலும் அலமாரியில் கிடக்கும் பழைய பெட்டியைத் தருவார். பழையதைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்த பிறகே பிள்ளையிடம் கொடுங்கள். அட்டையில் செய்தால் புள்ளிகளைச் சீராக வையுங்கள், கண்டபடி வைத்தால் திரும்பவும் எண்ணத்தான் தோன்றும்.

பல மாதம் விளையாடியும் முன்னேற்றம் இல்லை. என்ன செய்வது?

முதலில் கண்ணைப் பரிசோதியுங்கள். புள்ளி சரியாகத் தெரியாத பிள்ளைகள் உண்டு. இரண்டாம் ஆண்டு முடியும் நேரத்திலும் மூன்று புள்ளியைப் பார்த்தவுடன் சொல்ல முடியவில்லை, ஐந்து பெரிதா எட்டு பெரிதா என்று திணறுகிறது, நேற்று நன்றாக வந்தது இன்று அடியோடு மறந்துவிடுகிறது என்றால், சோம்பல் என்று நினைத்துத் திட்டாதீர்கள். வாசிப்பில் சிரமம் இருப்பதுபோல் எண்ணில் மட்டும் சிரமம் இருக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் சொன்னால் மருத்துவமனையின் குழந்தை மருத்துவரிடம் அனுப்பக் கடிதம் தருவார்கள். போகும்போது ‘கணக்கு வரவில்லை’ என்று மட்டும் சொல்லாமல், இரண்டு வாரம் விளையாடும்போது கவனித்ததை எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை புள்ளி வரை பார்த்தவுடன் சொல்கிறது, எங்கே தொட்டு எண்ணுகிறது, மூடிய பாதியைக் கேட்டால் என்ன செய்கிறது. பத்து நிமிடச் சந்திப்பில் மருத்துவரால் பார்க்க முடியாதது அதில் இருக்கும்.